பாஸ்தாவுக்கு 3.83 டாலர்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எது ‘முறையற்ற பணம்’?

ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டமளிப்பு விருந்து. விளையாட்டு வீரர்கள் மூன்று பேர் கொஞ்சம் அதிகமாகவே பாஸ்தா சாப்பிட்டுவிட்டார்கள். இது விதிமீறலாகிவிடுமோ என்று பயந்த பல்கலைக்கழகம், தானே முன்வந்து கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவுக்கு எழுதிக்கொடுத்தது. மூவரும் ஆளுக்கு 3 டாலர் 83 சென்ட் தர்மத்துக்குக் கொடுத்துப் பரிகாரம் செய்தார்கள். 2014இல் செய்தி வெளியில் வந்தபோது, சாப்பாட்டின் அளவுக்கென்று எங்களிடம் விதியே கிடையாதே என்று சங்கம் கைவிரித்தது.

சிரிப்பு வரும். ஆனால் பல்கலைக்கழகம் பயந்ததில் நியாயம் இருந்தது. மாணவர் வாங்கிய சில ஆயிரம் டாலருக்காக ஒரு பல்கலைக்கழகம் சாம்பியன் பட்டத்தையே இழந்திருக்கிறது. அதே ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒருவர் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினால் அது சம்பளம். ஆடுகிறவர் சட்டையை விற்று 1,000 டாலர் வாங்கினால் அது குற்றம். இந்தக் கோட்டை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள், இப்போது அது எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

சங்கமும் அதன் பணமும்

என்சிஏஏ என்பது அரசுத் துறை இல்லை. கல்லூரிகள் கூடித் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட சங்கம். அமெரிக்க ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம். அதில் மாணவர்கள் அடிபட்டுச் சாவது பெருகியதால் 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துக் கண்டித்தார்; அடுத்த ஆண்டு இந்தச் சங்கம் பிறந்தது. இன்று ஏறத்தாழ 1,100 கல்லூரிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், மூன்று பிரிவுகள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்டு, யேல் அடங்கிய ஐவி லீக் முதல் பிரிவில் இருந்தும் அப்படிக் கொடுப்பதில்லை.

பெரும் பணம் புரள்வது இரண்டே ஆட்டங்களில்: ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. நீச்சல், மல்யுத்தம், படகோட்டம் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் நிழலில் பிழைப்பவை.

புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. கல்லூரி வேண்டாம், நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறேன் என்று ஒரு பையன் சொல்ல முடியாது. தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் சேர, பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். கூடைப்பந்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும்; அமெரிக்கப் பையனென்றால் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஃபுட்பால்காரனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு களம் இல்லையென்றே சொல்லலாம். பிடிக்காவிட்டால் போகலாமே என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது.

எது வரை சரி, எதற்கு மேல் தவறு

முழு உதவித்தொகை என்றால் நெடுங்காலம் ஐந்துதான்: படிப்புக் கட்டணம், இதர கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். குடும்ப வருமானம் பாராமல் ஆட்டத்திறமைக்காகவே இதைக் கொடுக்கலாம் என்று 1956இல்தான் முடிவானது. 1973இல் அதை ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஏற்பாடாகச் சுருக்கினார்கள். அதாவது முழங்கால் உடைந்த வீரரை அடுத்த ஆண்டு பயிற்சியாளர் கழற்றிவிட வழி கிடைத்தது. எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு இருந்தது: மேல்மட்ட ஃபுட்பாலில் 85 பேர், ஆண்கள் கூடைப்பந்தில் 13 பேர். பேஸ்பாலுக்கு 11.7. இது அச்சுப்பிழை இல்லை. பதினொன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைவான உதவித்தொகையை இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள்.

இதற்கு மேல், மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எதுவும், ஆட்டக்காரர் என்பதற்காக ஒருவருக்குக் கிடைத்தால் அது ‘கூடுதல் சலுகை’. பணம்தான் என்றில்லை, இலவச விமான டிக்கெட், வட்டியில்லாக் கடன், தள்ளுபடியில் கார், அம்மாவுக்கு வேலை எல்லாம் இதில் அடங்கும். ஒரு காலத்தில் சிற்றுண்டியாகப் பேகல் ரொட்டி தரலாம். அதன் மேல் க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாட்டுக் கணக்கில் போய்விடும். 2014இல் கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அந்த அணி கோப்பையை வென்ற அதே ஏப்ரலில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

சொந்தப் பொருளை விற்பதும் குற்றமாக இருந்தது. 2010இல் ஜார்ஜியா வீரர் ஏ.ஜே. கிரீன் தன் ஆட்டச் சட்டையை 1,000 டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டங்கள் உட்கார்ந்தார். அதே சமயம் கல்லூரிக் கடைகளில் வீரர்களின் எண் போட்ட சட்டைகள் தாராளமாக விற்றன. 2013இல் வர்ணனையாளர் ஜே பைலஸ், என்சிஏஏவின் சொந்த இணையக் கடையில் ஒரு வீரரின் பெயரைத் தட்டினால் அவர் எண் போட்ட சட்டை வந்து நிற்பதை எல்லாருக்கும் காட்டினார். சட்டையில் பெயர் இல்லை, அதனால் அது அவருடையது இல்லை என்பதுதான் அதுவரை நிலவிய தர்க்கம். சங்கம் அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டது.

பணம் எந்த வழியில் வந்தது

கொடுப்பவர்கள் மூன்று வகை.

முதலாவது பூஸ்டர்: கல்லூரி அணிக்கு நன்கொடை கொடுக்கும் பழைய மாணவர், உள்ளூர் கார் வியாபாரி, எண்ணெய்ப் பணக்காரர். ஒருமுறை பூஸ்டர் ஆகிவிட்டால் ஆயுளுக்கும் பூஸ்டர்தான் என்பது விதி. கைகுலுக்கும்போது உள்ளங்கையில் மடித்த நோட்டு, கோடை விடுமுறையில் வராமலே சம்பளம் தரும் வேலை, இவை பழைய வழிகள். டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இதை மாதச் சம்பளமாகவே நடத்தினார்கள். 13 வீரர்களுக்கு மாதம் 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை, மொத்தம் சுமார் 61,000 டாலர். ஏற்கெனவே தண்டனையில் இருந்தபோதும் நிறுத்தவில்லை. சேர்க்கும்போது வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதைத் தீர்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று ஆட்சிக்குழு மட்டத்திலேயே பேசி முடித்தார்கள். முன்பு அக்குழுவின் தலைவராக இருந்த டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸே 1987இல் இதை ஒப்புக்கொண்டார். 1987 பருவம் முழுவதும் ரத்து. வீரர்கள் கலைந்து போனதால் 1988இல் கல்லூரியே ஆடாமல் விட்டது. மீண்டும் ஒரு பருவ இறுதிப் பெருவிளையாட்டுக்குத் தகுதி பெற 2009 ஆனது. ‘மரண தண்டனை’ என்று பெயர் வாங்கிய இதை மேல்மட்ட ஃபுட்பாலில் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, ஏஜென்ட் ஆக விரும்புபவர். இது முதலீடு: இன்று குடும்பத்துக்கு வீட்டு வாடகையைக் கட்டினால், நாளை கோடிகளில் ஒப்பந்தம் போடும்போது தரகு நமக்கு. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் ரெஜி புஷ் விவகாரம் இந்த வகை. 2010இல் தண்டனை வந்தது: இரண்டு ஆண்டுகள் பருவ இறுதி ஆட்டத் தடை, 30 உதவித்தொகைகள் பறிப்பு, 14 வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கம். சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கென 2005இல் வென்ற ஹைஸ்மன் கோப்பையைப் புஷ் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். புஷ் அப்போது தொழில்முறை லீக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பீட் கேரல் சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். தடையை அனுபவித்தது, அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்கள்.

மூன்றாவது, ஷூ கம்பெனி. இந்த வகையைப் புரிந்துகொண்டால் முழு ஏற்பாடும் புரிந்துவிடும். 2017 ஆகஸ்டில் லூயிவில் பல்கலைக்கழகம் அடிடாஸுடன் பத்தாண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தது. அடுத்த மாதம் எஃப்பிஐ சிலரைக் கைது செய்தது. அடிடாஸ் தரப்பு ஆட்கள், லூயிவிலில் சேரவிருந்த ஒரு மாணவரின் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தர ஏற்பாடு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2018இல் மூவர் மோசடிக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மோசடி செய்யப்பட்டவர் யார்? பல்கலைக்கழகம். தகுதியிழந்த ஒருவருக்கு உதவித்தொகை கொடுக்க வைத்து ஏமாற்றினார்களாம். ஒரே கம்பெனி, ஒரே அணி, ஒரே நோக்கம். வாசலில் வந்த 16 கோடி வியாபாரம். கொல்லைப்புறமாக வந்த 1 லட்சம் சிறைக்குரிய குற்றம்.

பிடிபடுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். என்சிஏஏவுக்குச் சாட்சியைக் கட்டாயமாக வரவழைக்கும் அதிகாரம் இல்லை. அதனால் பெரும்பாலான வழக்குகள் கசப்பில் பிறந்தவை: கொடுத்த பணம் திரும்பாத ஏஜென்ட் வழக்குப் போடுவார், வேறெதற்கோ வந்த போலீஸ் சோதனையில் பொருள்கள் சிக்கும். 2010இல் ஒஹையோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேர் மோதிரம், சட்டை முதலியவற்றைப் பணத்துக்கும் பச்சை குத்திக்கொள்வதற்கும் மாற்றிக்கொண்டது அப்படித்தான் வெளியே வந்தது. ஐந்து ஆட்டத் தடை என்றார்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் நடக்கவிருந்த சுகர் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் மட்டும் ஆடலாம், தடை அடுத்த பருவத்திலிருந்து. விதியைச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பது காரணமாம். டிக்கெட் விற்றுத் தீர்ந்த ஆட்டம் என்பது நம் கண்ணில் படும் காரணம். பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸல் பதவி இழந்தது பச்சைக்காக இல்லை, தெரிந்தும் மறைத்ததற்காக. இந்த உலகத்தில் வாங்கியதைவிட மறைத்ததற்கே அடி பலம்.

அமெச்சூர் என்ற சொல் எங்கிருந்து வந்தது

காசுக்காக ஆடாதவர் என்ற பெருமை இங்கிலாந்துச் சரக்கு. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் வகுத்த விளக்கத்தில் மெக்கானிக், கைவினைஞர், கூலியாள் யாரும் அமெச்சூர் ஆக முடியாது. ஆட்டத்தில் காசு வாங்கியிருக்காவிட்டாலும்கூட. உடலுழைப்பே தகுதிக்குறைவு. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது தெரிந்த கதைதான். இங்கிலாந்தில் 1962 வரை ‘ஜென்டில்மென்’ ஒரு அணி, ‘பிளேயர்ஸ்’ ஒரு அணி. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். பணம் தேவைப்படாதவன் தன் வசதிக்குத் தூய்மை என்று பெயர் வைத்தான். அதை மற்றவர்களுக்கு விதியாக்கினான். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பூர்வகுடி அமெரிக்கர் ஜிம் தார்ப், அதற்கு முன் சில்லறைக் காசுக்குப் பேஸ்பால் ஆடியதற்காக 1913இல் பதக்கங்களை இழந்தார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தத் தூய்மை ஒருநாளும் இருந்ததில்லை. 1852இல் நடந்த முதல் கல்லூரிப் போட்டியான ஹார்வர்டு–யேல் படகுப் பந்தயத்துக்கே செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. 1929இல் கார்னகி அறக்கட்டளை அறிக்கை, காசு கொடுத்து ஆள் பிடிப்பது பரவலாக நடக்கிறது என்று விரிவாக எழுதியது. 1948இல் ‘சானிட்டி கோட்’ என்று ஒரு கடும் விதி வந்தது. 1950இல் மீறியதாக ஒப்புக்கொண்ட ஏழு கல்லூரிகளை நீக்க வாக்கெடுத்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. மறு ஆண்டே அந்த விதி போனது.

‘மாணவ-விளையாட்டு வீரர்’ என்ற சொல்லும் அன்பால் பிறந்ததில்லை. ஆட்டத்தில் அடிபட்டவர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்க ஆரம்பித்த 1950களில், இவர்கள் ஊழியர்கள் இல்லை என்று நிலைநாட்டத் தேவைப்பட்ட சொல் அது. கொலராடோவில் 1955இல் தலையில் அடிபட்டு இறந்த ஒரு கல்லூரி வீரரின் மனைவி இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தச் சொல்லைப் பரப்பிய என்சிஏஏ தலைவர் வால்டர் பயர்ஸே ஓய்வுக்குப் பிறகு தான் கட்டிய ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார்.

நெல் வியாபாரிகள் கணக்கு

நீதிமன்றத்தில் இந்த விதி உடைந்தது ஒழுக்க வாதத்தால் இல்லை, வணிகச் சட்டத்தால். எளிதாகச் சொன்னால் இப்படி. ஊரிலுள்ள எல்லா நெல் வியாபாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, மூட்டைக்கு இன்ன விலைக்கு மேல் யாரும் கொடுப்பதில்லை, கொடுத்தவரைத் தள்ளிவைப்போம் என்று முடிவெடுத்தால் அதற்கு என்ன பெயர்? வாங்குவோர் கூட்டுச் சதி. 1890இன் ஷெர்மன் சட்டம் தடுப்பது அதைத்தான். உழைப்பை வாங்கும் கல்லூரிகள் கூடி விலைக்கு உச்சவரம்பு வைத்து, அதற்கு அமெச்சூர் தர்மம் என்று பெயரிட்டிருக்கின்றன என்பது வழக்குகளின் சாரம்.

1995இல் யுசிஎல்ஏ கல்லூரிக் கூடைப்பந்து அணியோடு கோப்பை வென்ற எட் ஓபானன், வருடங்கள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னையே கண்டார். அதே எண், அதே உருவம், காசு மட்டும் இல்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரியில் வாழ ஆகும் முழுச் செலவு வரை கொடுக்கலாம் என்றது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9–0 என என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தொட்டது கல்வி சார்ந்த சலுகைகளை மட்டுமே. ஆண்டுக்கு 5,980 டாலர் வரை படிப்பு ஊக்கத்தொகை அதிலிருந்து வந்தது. ஆனால் நீதிபதி கவானா தனியாக எழுதியது அதைவிடத் தூரம் போனது: குறைந்த சம்பளச் சமையல்காரர் சமைத்தால்தான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று எல்லா உணவகங்களும் கூடிச் சம்பளத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் விடக்கூடாது. படிப்பும் ஒரு கூலிதான் என்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பின் விலையைப் பார்த்தால் அது உண்மை. பணக்காரக் கல்லூரியே எல்லா வீரர்களையும் வாங்கிவிடும் என்கிறார்கள். இது எனக்குப் பலவீனமாகப் படுகிறது, ஏனென்றால் பணம் தடையான காலத்திலும் அதே சில கல்லூரிகள்தான் வென்றன. சம்பளமாகப் போக முடியாத பணம் வேறு உருவத்தில் போனது: கிளெம்ஸன் 2017இல் 5.5 கோடி டாலரில் திறந்த ஃபுட்பால் வளாகத்தில் சறுக்குமரமும் குட்டி கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன. மூன்றாவது வாதம் மட்டும் கனமானது. ஃபுட்பால் காசை ஃபுட்பால்காரருக்கே கொடுத்தால், தானாகச் சம்பாதிக்காத நீச்சல், மல்யுத்த அணிகளை யார் சுமப்பது? பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறை வரவைவிடச் செலவு அதிகமாக ஓடுவது. இதற்கு நல்ல பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

இன்றைய கோடு

2019 செப்டம்பரில் கலிபோர்னியா சட்டம் போட்டு வழிகாட்ட, 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயலை விற்கலாம் என்று என்சிஏஏ இறங்கி வந்தது. என்ஐஎல் என்பது இதன் சுருக்கம். ஒரே வருடத்துக்குள் பூஸ்டர்கள் ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் நிதி திரட்டி, விளம்பரம் என்ற சாக்கில் சம்பளமே கொடுத்தார்கள். நேற்றைய மடித்த நோட்டுக்கு இன்று ரசீது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த, ‘ஹவுஸ்’ என்ற வழக்கின் சமரசம் அடுத்த படி. பழைய வீரர்களுக்குப் பத்தாண்டில் சுமார் 280 கோடி டாலர் நிலுவை. ஜூலை 1 முதல், விரும்பிய கல்லூரி தன் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், அணியின் ஆள் வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34. பல பெரிய கல்லூரிகள் பங்கில் முக்கால் வாசியை ஃபுட்பாலுக்கே ஒதுக்கத் திட்டமிட்டன. பெண்களுக்குச் சம வாய்ப்பு கோரும் 1972இன் டைட்டில் நைன் சட்டத்துக்கு இது பொருந்துமா என்பதில் அரசே தடுமாறியது: 2025 ஜனவரியில் கல்வித் துறை பொருந்த வேண்டும் என்றது, பிப்ரவரியில் புதிய ஆட்சி அதைத் திரும்பப் பெற்றது.

ஆக, ‘முறையற்ற பணம்’ ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. கல்லூரி உச்சவரம்பைத் தாண்டிக் கொடுப்பது தவறு. வெளியார் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் ‘என்ஐஎல் கோ’ என்ற தளத்தில் பதிய வேண்டும். அங்கே இரண்டு கேள்விகள். இதில் உண்மையான வியாபாரம் இருக்கிறதா? தொகை சந்தைக்கு ஒத்து வருகிறதா? ஒரு தேநீர்க் கடைக்காகச் சமூக ஊடகத்தில் போடும் ஒரு பதிவுக்கு 5 லட்சம் டாலர் என்றால் இரண்டிலும் விழும். பதியாமல் விடுவதே மீறல் என்பதால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குவதும், என்ன செய்ய வேண்டும், எப்போது பணம், எத்தனை நாளுக்கு உரிமை என்று அதில் இருக்கிறதா எனப் பார்ப்பதும் முதல் வேலை. பலர் சறுக்குவது வரியில்: இந்தப் பணத்தில் யாரும் வரி பிடித்துக் கொடுப்பதில்லை, எடுத்துவைக்காதவர் வரி கட்டும் ஏப்ரலில் திணறுவார். அடுத்தது, கல்லூரிக்குப் பிந்தைய வருமானத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் போகும் இந்திய, இலங்கை வீரர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. என்சிஏஏ அனுமதித்தாலும் விசா விதி மாறவில்லை. அமெரிக்க மண்ணில் விளம்பரப் படப்பிடிப்பில் நிற்பது, அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். அபராதம் ஆட்டத் தடையோடு நிற்காது, விசாவே போகும். கென்டக்கியின் காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கார் ஷிப்வே, அணி 2022இல் பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். ஊருக்கு விடுமுறையில் வந்து எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எதுவானாலும் முதலில் போக வேண்டியது பயிற்சியாளரிடம் இல்லை; கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும், அதற்கு அடுத்து ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும்.